மறுகா ஒரு டேக்

கொழும்பில் ஒரு குளிரூட்டிய அறை.
கதை முழுவதையும் கேட்டுவிட்டுப்
பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியவர் கேட்டார்:
"இதுல யுத்தம் எங்க?"
இல்லை என்றேன்.
"காணாமல் போனவங்க யாரும்?"
ஒரு குடை காணாமல் போகிறது, சேர்,
பதினாலாவது காட்சியில்.
பிறகு கிடைத்துவிடுகிறது.
மட்டக்களப்பிலிருந்து வருகிறவள்
அழுதுகொண்டுதான் வருவாள் என்று
எடுத்துவைத்திருந்த காசை
அவர் லாச்சிக்குள் திரும்ப வைத்தார்.

இரவு பஸ்.
வெலிக்கந்தை வரும்வரை எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் சுவரிலும் மாமா இருக்கிறார், மாலை இல்லாமல்.
போடுவதா விடுவதா என்று
முப்பது வருஷமாக யாரும் முடிவெடுக்கவில்லை.
அவர் பெரிய பகிடிக்காரர் என்பாள் அம்மா.
குடைப்பகிடி அவருடையது.
அதை அந்த அறையில் நான் சொல்லவில்லை.

ஸ்கூட்டியை விற்றேன்.
காப்பு இரண்டும் களுவாஞ்சிகுடி வங்கியில்.
கமரா, சாமத்தியவீடு எடுக்கிற ஸ்டூடியோவில் வாடகைக்கு;
கமராவோடு சேர்ந்து வந்தவர் கோகுலதாசன்.
எதை எடுக்கச் சொன்னாலும்
முதலில் பாதம், பிறகு மருதாணிக் கை,
மெல்ல மெல்ல முகம்.
கதாநாயகன் பிளேன்டீ குடிக்கும் காட்சியில்
கோப்பையை மூன்று தரம் சுற்றி வந்தார்,
ஆரத்தி எடுக்கிற மாதிரி.
முகூர்த்த நாளில் எங்களுக்குக் கமரா இல்லை.
அந்த வைகாசியில் எத்தனை முகூர்த்தம் என்று
எந்த ஐயரையும்விட எனக்குத் தெரியும்.

கதை இவ்வளவுதான்.
குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதை போகிறது.
எங்கள் பக்கம் பாதை என்றால் மிதப்பது,
ஆளையும் ஆட்டையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு
வாவியைக் கடப்பது.
அவன் கணக்கு வாத்தி.
அவள் சங்கக் கடையில் கணக்கு எழுதுகிறவள்.
பாதையில் நிழல் விழுவது ஒரே ஒரு மூலையில்.
அதற்காக இரண்டு பேரும்
எழுபது நிமிடம் சண்டை பிடிக்கிறார்கள்.

வினோதரியை நடிக்க விட
அவள் அண்ணன் தயாநிதன் வைத்த நிபந்தனை:
நடுவில் ஒரு முழம் இடைவெளி.
அளக்கத் தானே வருவாராம்.
வந்தவர் கையில் றெஜிபோம் அட்டையைக் கொடுத்தேன்,
வெயிலைப் பிடிச்சுத் தங்கச்சிட முகத்தில போடுங்க, அண்ணே.
முதல் நாள் முழுக்க
கதாநாயகனின் கண்ணில் போட்டார்.

ஒலி, காத்தான்குடி இம்தாத்.
அவர் கை உயர்ந்தால் வாவியே நிற்கவேண்டும்.
பாண் ஆட்டோவின் மெட்டு.
காகம்.
யாரோ ஒருத்தியின் போனில் யாரோ ஒருத்தியின் மாமியார்.
"தங்கச்சி, மறுகா ஒருக்கா எடுப்பமா?"
மறுகா.
பிறகு, இன்னொரு தரம், நாளைக்கு, எப்போதாவது,
எல்லாவற்றுக்கும் எங்களிடம் இந்த ஒரு சொல்தான்.
படம் எப்ப வரும் என்றவர்களுக்கும்
கடன் எப்ப வரும் என்றவர்களுக்கும்
அதையே சொன்னேன்.

பதினேழாம் நாள்.
நடு வாவியில் எஞ்சின் நிற்கவேண்டும் என்று எழுதியிருந்தேன்.
நடிப்புக்கு நிறுத்தியது, மறுகா கிளம்பவே இல்லை.
அவ்வளவு அமைதியை இம்தாத் அதுவரை கேட்டதில்லை.
ஓடவிடு என்றேன்.
லக்சிதன் தன் மனதைச் சொல்லவேண்டிய இடம்;
ஒரு பக்க வசனம்.
வாய் திறந்தான். ஒன்றும் இல்லை.
வேர்த்தது.
"உங்களுக்கு... ஐம்பது ரூபா தரணும் நான்."
வினோதரி கண்ணை எடுக்காமல் சொன்னாள்,
"வட்டியோட நூற்றிப் பத்து."

அட்டைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
அடக்கி, முடியாமல், மூக்கால் வெடித்து.
அட்டை குலுங்க, வெளிச்சம் குலுங்க,
அவள் முகம் முழுவதும் வாவி ஆடியது.
இம்தாத்தின் கை உயர்ந்தது.
வேண்டாம் என்று தலையாட்டினேன்.
தயாநிதன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு
அடுத்த வசனம் கேட்க முன்னால் குனிந்தார்.
முழம் சாணாகியிருந்தது.
அளக்க ஆள் இல்லை.

எடிட்டிங்கில் அந்தச் சிரிப்பை வெட்டச் சொல்வார்கள்,
பிழையான சத்தம் என்பார்கள்.
சொல்லட்டும்.

தோணி வந்து எங்களை இழுக்க ஒரு மணித்தியாலம் ஆனது.
அதற்குள் ஓர் ஆடு
பதினாலாம் காட்சியைத் தின்றுவிட்டது.
குடை எங்கே கிடைக்கிறது என்று
நான் மறுகா எழுதவேண்டும்.
வெள்ளிக்கிழமை கமரா சாமத்தியவீட்டுக்குப் போகிறது.